மீளச் சமர்ப்பிக்கவும்

எங்கள் அலுவலகத்தில் யார் ஓய்வு பெற்றாலும் மூன்று விஷயங்கள் கட்டாயம் உண்டு. சால்வை, சாப்பாடு, வாழ்த்து மடல். சால்வை பீரோவுக்குள் போய்விடும். சாப்பாடு அன்றைக்கே செரித்துவிடும். வாழ்த்து மடல் மட்டும் நிற்கும். அதைக் கெட்டித் தாளில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் வாசித்து, ஓய்வு பெறுகிறவர் கையில் கொடுப்போம். அவர் அதை வீட்டுக் கூடத்தில் மாட்டுவார். வருகிற சம்பந்தியெல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் காபி குடிக்க வேண்டும்.

இந்த மடல்களை எழுதுவது அமிர்தம் அக்கா. லால்குடியிலிருந்து தினமும் வந்து போகிற உதவியாளர். கணவர் பணியில் இருக்கும்போதே இறந்ததால் கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவர். வயது ஐம்பத்திரண்டு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஆளே வேறு. ‘கடமையின் சிகரமே, கனிவின் பெட்டகமே’ என்று அவர் ஆரம்பித்தால், பதினைந்து வருடம் தூங்கியே கழித்த ஆள்கூட மேடையில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

நான் பெலிண்டா. தட்டச்சர். மேலப்புதூரில் வீடு. எனக்குக் கோபம் சட்டென்று வரும், அது ஊருக்கே தெரியும். அமிர்தம் அக்காவுக்குக் கோபம் வந்து பதினோரு வருடம் ஆகியும் போகவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் கோபத்துக்குப் பெயர் அழகிரி.

அழகிரி எங்கள் பிரிவின் கண்காணிப்பாளர். ஸ்ரீரங்கத்துக்காரர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். எந்த வரைவையும் முதல் தடவையில் ஏற்றுக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது. ‘பார்வை எண் இல்லை’, ‘பொத்தாம்பொதுவாக உள்ளது’, ‘நாள், நேரம் குறிப்பிடவும்’, ‘இணைப்பு எங்கே?’ என்று ஓரத்தில் எழுதுவார். கடைசியில் ‘மீளச் சமர்ப்பிக்கவும்’ என்று எழுதி, கீழே ஒரு சுருக்கொப்பம் போட்டு, காகிதத்தை நம் மேஜையில் வைக்க மாட்டார், வீசுவார். நல்ல கடிதத்தைக் கெட்ட கடிதமாக்கி, மறுபடி அதே கடிதமாக்கித் தருவதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று செப்டம்பர் பதினோராம் தேதி, புதன்கிழமை. காலை பத்து மணிக்கு அக்காவின் தம்பி போன் செய்தார். ஆஸ்பத்திரியில் அம்மாவை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்களாம். பேச்சு நினைவோடுதான் இருக்கிறாராம். அமிர்தம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பிறகு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அப்போது தகுதிகாண் பருவம் முடியவில்லை. அதற்கு முந்தின மாதம்தான், சொல்லாமல் போன ஒருவருக்கு அழகிரி மெமோ வாங்கிக் கொடுத்திருந்தார். வீட்டில் படிக்கிற பெண் பிள்ளை. இந்த வேலை ஒன்றுதான் சோறு. அதனால் விடுப்புக் கடிதம் எழுதினார். அதற்கு வெள்ளைத்தாள் எடுத்துக் கொடுத்தது நான்.

பத்தேகாலுக்குக் கொடுத்த கடிதம் பதினொன்று நாற்பதுக்குத் திரும்பி வந்தது. ‘பொருள் தனி வரியில் இல்லை.’ இரண்டாவது கடிதம் பன்னிரண்டு ஐம்பதுக்குத் திரும்பியது. ‘பொறுப்பு யாரிடம் ஒப்படைக்கப்படுகிறது எனக் குறிப்பிடவும்.’ அப்புறம் அவர் சாப்பிடப் போய்விட்டார். மூன்றாவது இரண்டரைக்குத் திரும்பியது. ‘தாயார் கவலைக்கிடம் என்பதற்குச் சான்று இணைக்கப்படவில்லை. மீளச் சமர்ப்பிக்கவும்.’ சான்று பின்னர் தரப்படும் என்று எழுதி நான்காவதைக் கொடுத்தார் அக்கா. நாலு பத்துக்கு அனுமதி வந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, பஸ் பிடித்து, லால்குடியில் இறங்கும்போது மணி ஐந்தரை. அக்காவின் அம்மா சந்திரம்மாள் மூன்று இருபதுக்கே போய்விட்டார்.

பத்து நாள் கழித்து அக்கா வேலைக்கு வந்தார். சொன்னபடி சான்றைக் கொடுத்தார். இறப்புச் சான்றுதான் அது. அழகிரி அதை வாங்கி, விடுப்புக் கடிதத்தோடு சேர்த்து நூலில் கோத்து, ‘கோப்பில் வைக்கவும்’ என்று எழுதினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதை என் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் ஒரு வார்த்தை பேசவில்லை, டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சிவப்பு மையோடு திரும்பி வந்த மூன்று கடிதங்களையும் அக்கா ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டார்.

போன நவம்பர் கடைசியில் அழகிரிக்கு அறுபது முடிந்தது. அக்டோபரிலேயே அவர் எங்கள் மேஜைப் பக்கம் வந்து நின்றார். “அமிர்தம், வாழ்த்து மடல் நீங்கதான் எழுதணும். சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாம் வராங்க. வரைவை எனக்கு ஒரு தடவை காமிச்சிருங்க, தப்பு இருந்துறக் கூடாது பாருங்க” என்றார். தன்னைப் புகழும் காகிதத்தைத் தானே திருத்தப்போகிற மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் தலை மறைந்ததும் நான் கொதித்துவிட்டேன். “அக்கா, நல்லா நாலு வார்த்தை நறுக்குன்னு எழுதுங்க. நீங்க எழுதலைன்னா நான் எழுதறேன்.”

“திட்டி எழுதினா அது என் கோபமாத்தான் போகும் பெலிண்டா. அமிர்தத்துக்குப் பொறாமை, அதான் எழுதிட்டாங்கம்பாங்க. அவரு வீட்டுக்குப் போயி தூங்கிருவாரு.” அக்கா பிளாஸ்டிக் உறையை மேஜை மேல் வைத்துத் தடவினார். “இதை அவரே எழுதணும். அவரு கையால எழுதி, கீழ ஒப்பம் போட்டுத் தரணும்.”

“அவரு எதுக்கு எழுதறாரு?”

“அவரு பேனாவை எனக்குத் தெரியும்.”

அந்த வாரம் முழுக்க அக்கா ரயிலில் எழுதினார். மாலை வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பழைய தபால் உறைகளின் முதுகில் குறிப்பு எடுத்தார். வண்டி ஸ்ரீரங்கத்தில் நிற்கும்போது மட்டும் எழுதுவதை நிறுத்திவிடுவாராம். அந்த ஆளுடைய ஊர்க் காற்று பட்டால் எழுத்து ஓடமாட்டேன் என்கிறது என்றார். திட்டம் இதுதான். மடலில் எல்லாம் வழக்கமான புகழ்ச்சி. நடுவில் ஒரே ஒரு பத்தி மட்டும் வேண்டுமென்றே குறையோடு இருக்க வேண்டும். அழகிரி குறையைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டார்.

முதல் வரைவை நான் டைப் அடித்தேன். ‘விதிகளின் காவலரே’ என்று ஆரம்பம். நான்காவது பத்தியில் அந்த வரி: ‘தாங்கள் எக்கடிதத்தையும் செம்மையாகும் வரை ஏற்றதில்லை என்பதற்கு எடுத்துக்காட்டுகள் பல உண்டு.’ மறுநாளே திரும்பி வந்தது. ஆர்வமாகப் பிரித்தோம். ‘காவலரே’ என்பதை ‘காவல் தெய்வமே’ என்று மாற்றியிருந்தார். தன் குழந்தைகளின் படிப்பைப் பற்றி இரண்டு வரி சேர்த்திருந்தார். நான்காவது பத்தியின் பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. அக்காவின் முகம் வாடிவிட்டது.

“பாராட்டுன்னு நெனச்சு ரசிச்சிட்டாரு. குறை கண்ணுல படல” என்றார்.

“காவல் தெய்வமாம். ஆடு வெட்டணுமோ?” என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

இரண்டு நாள் யோசித்தார். இரண்டாவது வரைவில் அந்தப் பத்தியை மேலே, இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவந்தார். இப்படி எழுதினார்: ‘முன்னொரு சமயம், பணியாளர் ஒருவர், ஏதோ ஒரு காரணத்திற்காக அளித்த விடுப்புக் கடிதம் ஒன்றை, ஒரே நாளில் சில முறை திருப்பி அனுப்பிச் செம்மைப்படுத்திய தங்கள் கண்டிப்பை எவரும் மறவார்.’ படித்துவிட்டு எனக்கே பல் கூசியது. முன்னொரு சமயம், ஒருவர், ஏதோ, ஒன்று, சில. அழகிரியின் பேனா இதைத் தாண்டிப் போகவே முடியாது.

மூன்றாம் நாள் வரைவு திரும்பியது. இரண்டாவது பத்தியைச் சுற்றி முழுக்கச் சிவப்பு. ஓரத்தில், குண்டு குண்டாக:

‘பொத்தாம்பொதுவாக உள்ளது. நாள், நேரம், பணியாளர் பெயர், கடிதத்தின் பொருள், ஒவ்வொரு முறையும் சுட்டிய குறை ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிடவும். அக்கடிதங்கள் இருப்பின் இணைப்பாக வைக்கலாம். அப்பணியாளர் இன்றளவும் நன்றியுடன் நினைவுகூர்கிறார் எனச் சேர்க்கவும்.’

கீழே அவருடைய சுருக்கொப்பமும் தேதியும்.

யார் கடிதம், எதற்கு விடுப்பு என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை அந்த மனிதர். அவருக்கு அது நினைவிலேயே இல்லை. நன்றியுடன் நினைவுகூர்கிறாராம்! அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டுபோய் அவர் முகத்தில் வீசலாம் என்று எழுந்தேவிட்டேன். அக்கா என் புடவைத் தலைப்பைப் பிடித்து உட்கார வைத்தார்.

“இன்னும் முடியல. கடைசி வரியைப் படி.”

பக்கத்தின் அடியில் இருந்தது: ‘திருத்தியபடி சுத்தப்பிரதி எடுத்து நேரடியாகச் சட்டமிடவும். மீண்டும் காட்டத் தேவையில்லை.’

அவருடைய பணிக்காலத்திலேயே அந்த வரியை அவர் எழுதியது அன்று ஒருமுறைதான். காரணத்தை மாலையில் அவரே வந்து சொன்னார். “மேடையில வாசிக்கறப்போ முதல் தடவை கேக்கற மாதிரி இருக்கணும் பாருங்க. சம்பந்தி பாத்துட்டு இருப்பாரு. முழுசாத் தெரிஞ்சிருந்தா முகத்துல அந்த உணர்ச்சி வராது.”

“வரும் சார்” என்றார் அக்கா.

தெப்பக்குளம் பக்கத்துக் கடையில் சட்டம் போட்டார்கள். ரெக்கார்டு அறையில் இருக்கும் அற்புதசாமி அண்ணன்தான் எடுத்துப் போய்விட்டு வந்தார். “என்னம்மா இது, பழைய லீவு லெட்டரெல்லாம் சேத்து ஒட்டச் சொல்றீங்க?” என்று கேட்டார். “சார் உத்தரவு” என்று அக்கா ஓரக்குறிப்பைக் காட்டினார். அண்ணன் படித்துப் பார்த்தார். அவரும் அந்தப் புதன்கிழமை இருந்தவர்தான். நல்ல தேக்குச் சட்டமாகப் பார்த்துப் போட்டு வந்தார்.

நவம்பர் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை. மாலை கூட்ட அரங்கில் விழா. முன்வரிசையில் அழகிரியின் மனைவி பட்டுப்புடவையில், பக்கத்தில் மகள், மருமகன், சம்பந்தி வீட்டார். எங்கள் பெரிய அதிகாரி பேசினார். சங்கத்துக்காரர் பேசினார். சால்வைகள் விழுந்தன. பிறகு அமிர்தம் அக்காவைக் கூப்பிட்டார்கள். சாதாரண நூல் புடவையில் மேடையேறி, சட்டத்தை மைக் முன்னால் பிடித்துக்கொண்டார். நான் முதல் வரிசை ஓரத்தில் நின்றேன்.

‘காவல் தெய்வமே’ என்றதும் கைதட்டல். அழகிரி தலையைக் குனிந்து வெட்கப்பட்டார், நன்றாகவே நடித்தார். அக்கா அடுத்த பத்திக்குப் போனார். குரலில் ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லை. அலுவலகச் சுற்றறிக்கையை வாசிப்பதுபோலவே வாசித்தார்.

“‘தங்கள் கண்டிப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு. 11.9.2013, புதன்கிழமை. பணியாளர் பெயர்: அமிர்தம். கடிதத்தின் பொருள்: தாயார் உயிருக்குக் கவலைக்கிடம், உடனடி விடுப்பு கோருதல். காலை 10.15க்கு அளிக்கப்பட்டது. 11.40க்குத் திருப்பப்பட்டது. குறை: பொருள் தனி வரியில் இல்லை. 12.50க்கு இரண்டாம் முறை திருப்பப்பட்டது. குறை: பொறுப்பு ஒப்படைப்பு குறிப்பிடவில்லை. பிற்பகல் 2.30க்கு மூன்றாம் முறை. குறை: தாயார் கவலைக்கிடம் என்பதற்குச் சான்று இல்லை. மாலை 4.10க்கு அனுமதிக்கப்பட்டது. பணியாளரின் தாயார் சந்திரம்மாள் பிற்பகல் 3.20க்கு, மகளைக் கேட்டபடியே காலமானார். கோரப்பட்ட சான்று பின்னர் சமர்ப்பிக்கப்பட்டது. அது இறப்புச் சான்று. அப்பணியாளர் இதை இன்றளவும் நன்றியுடன் நினைவுகூர்கிறார். இணைப்பு: கடிதங்கள் மூன்று.’”

அக்கா நிறுத்தவில்லை. மீதி மூன்று பத்திகளையும், குழந்தைகளின் படிப்பு உட்பட, கடைசி ‘வாழ்க பல்லாண்டு’ வரைக்கும் வாசித்து முடித்தார். யாரும் கை தட்டவில்லை. சட்டத்தைக் கொண்டுபோய் அழகிரியிடம் நீட்டினார்.

அழகிரியின் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. சிவப்புப் பேனாவைத் தொட்டுவிட்டு இறங்கியது. “இது... நான் பாத்த வரைவுல இல்லையே” என்றார். மைக் அவர் பக்கத்தில் இருந்தது. எல்லாருக்கும் கேட்டது.

“நீங்க குறிப்பிடச் சொன்னதைக் குறிப்பிட்டிருக்கேன் சார். மீண்டும் காட்டத் தேவையில்லைன்னு உங்க ஒப்பம் இருக்கு.”

போட்டோக்காரருக்கு நிலைமை எதுவும் புரியவில்லை. “சார், இங்க பாருங்க, சட்டத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க” என்றார். அழகிரி தூக்கிப் பிடித்தார். அந்தப் படம் என் போனில் இருக்கிறது. மனம் சரியில்லாத நாளில் எடுத்துப் பார்ப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கீழே இறங்கியதும் அவர் மனைவி சட்டத்தைக் கையில் வாங்கினார். கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருந்த மூன்று கடிதங்களையும் சிவப்பு மையையும் நின்று நிதானமாகப் படித்தார். “இது உங்க எழுத்துதானே?” என்று கணவரைக் கேட்டார். அந்த அம்மா சாப்பிடாமலே காரில் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சாப்பாடு அன்றைக்கு அத்தனை ருசித்தது. இரண்டு தடவை பாயசம் வாங்கினேன்.

திங்கட்கிழமை பெரிய அதிகாரி அக்காவைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். அக்கா சிவப்பு மையிட்ட இரண்டாவது வரைவை அவர் முன்னால் வைத்தார். அவர் ஓரக்குறிப்பைப் படித்தார், சுருக்கொப்பத்தைப் பார்த்தார், “சரி, போங்க” என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

ஜனவரியில் ஸ்ரீரங்கத்திலிருந்து அக்கா பெயருக்கு ஒரு தபால் வந்தது. அழகிரியின் கையெழுத்து. ‘பொருள்: வருத்தம் தெரிவித்தல் தொடர்பாக.’ மன்னிப்புக் கேட்கவும் பொருள் வரி போட்டு எழுதிய ஆளை நினைத்து நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். உள்ளே நாலு வரி. ‘முன்பு நடந்த சம்பவம் ஒன்றால் தங்களுக்கு ஏதேனும் மன வருத்தம் ஏற்பட்டிருப்பின்...’ என்று போனது.

அக்கா மேஜை இழுப்பறையைத் திறந்தார். புது சிவப்புப் பேனா ஒன்று வைத்திருந்தார். எப்போது வாங்கினாரோ தெரியாது. ஓரத்தில் எழுதினார்: ‘பொத்தாம்பொதுவாக உள்ளது. நாள், நேரம், பெயர் குறிப்பிடவும். மீளச் சமர்ப்பிக்கவும்.’ சுருக்கொப்பம் போட்டு, அதே கடிதத்தை உறையில் வைத்துத் திருப்பி அனுப்பினார்.

பிப்ரவரியில் இரண்டாவது வந்தது. நாள் இருந்தது, நேரம் இருந்தது, பெயரும் இருந்தது. ஆனால் ‘அலுவலக நடைமுறை காரணமாகத் தாமதம் ஏற்பட்டது’ என்றிருந்தது. அக்கா அந்த வரியின் கீழே கோடு இழுத்தார். ‘தாமதப்படுத்தியது யார் எனக் குறிப்பிடவில்லை. மீளச் சமர்ப்பிக்கவும்.’ அதுவும் ஸ்ரீரங்கத்துக்குப் போனது.

மூன்றாவது கடிதம் வர ஏப்ரல் ஆகிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தது. பொருள் வரி இல்லை, பார்வை இல்லை, எதுவும் இல்லை. ‘அம்மா, 11.9.2013 அன்று பிற்பகல் 3.20க்கு உங்கள் தாயார் சந்திரம்மாள் உங்களைத் தேடியபடி போனதற்கு நான் ஒருவனே காரணம். விதி காரணம் இல்லை. அன்றைக்கு நான் உங்களை அனுப்பியிருக்கலாம். உங்கள் முகத்தைப் பார்த்தேன், தெரிந்தேதான் திருப்பினேன். அந்தச் சட்டத்தை என் மனைவி கூடத்தில் மாட்டிவிட்டாள், கழற்ற விடவில்லை. என்னை மன்னியுங்கள்.’

அத்தனை வன்மம் பேசின நான்தான் முதலில் இளகினேன். “அக்கா, இதுல ஒரு குறையும் இல்லக்கா. விட்டுருங்க. பாவம், வயசாயிடுச்சு.”

அக்கா இரண்டு தடவை படித்தார். கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டார். பிறகு இழுப்பறையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். கடிதத்தின் அடியில், இடம் பார்த்து, நிதானமாக எழுதினார்.

‘இணைப்பு வைக்கப்படவில்லை. மீளச் சமர்ப்பிக்கவும்.’

“என்ன இணைப்புக்கா?” என்று கேட்டேன்.

“எங்கம்மா” என்றார்.

உறையை ஒட்டி, தபால் பெட்டியில் போடச் சொல்லி என் கையில் கொடுத்துவிட்டு, லால்குடி வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.